தூத்துக்குடி மொட்டை மாடியில் மூன்று கிலோவாட் சோலார்

தூத்துக்குடிக்காரர்களுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துறைமுகப் பக்கம் 1979ல் தொடங்கிய அனல் மின் நிலையம் இருக்கிறது. தலா 210 மெகாவாட்டில் ஐந்து அலகுகள், எல்லாமே நிலக்கரி. நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்னும் நிலக்கரியில்தான் உற்பத்தியாகிறது. ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 700 கிராம் கரியமில வாயு என்று வைத்துக்கொண்டால், கோடையில் இரண்டு மாதத்துக்கு 600 யூனிட்டைத் தொடும் எங்கள் வீட்டின் பங்கு மட்டும் 400 கிலோவுக்கு மேல். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதைப் பார்த்தோம். ஒரு மழைக்கு ஒரே காரணம் சொல்ல முடியாதுதான். ஆனால் காற்று சூடாகச் சூடாக அதிக ஈரம் தாங்கும், பெய்தால் மொத்தமாகப் பெய்யும். சோலார் போட்டே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தது அப்புறம்தான்.

2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. ஆக 78,000 ரூபாய் மானியம். இணையத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்வது சுலபம். எங்களுக்கு இழுத்தது அதற்கு முந்தைய வேலை. இணைப்பு காலமான அப்பா பெயரிலேயே இருந்தது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது எல்லாம் சேர்த்து அம்மா பெயருக்கு மாற்றிய பிறகுதான் விண்ணப்பமே போட்டோம். உங்கள் வீட்டு ஈபி பில்லில் யார் பெயர் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். வங்கிக் கணக்கும் அதே பெயரில் இருந்துவிட்டால் பாதி அலைச்சல் குறையும்.

கொட்டேஷன் வாங்கும்போது ஒருவர் மற்றவர்களைவிட நன்றாகவே விலை குறைத்துச் சொன்னார். துருவிக் கேட்டதில் அவை வெளிநாட்டு பேனல்கள் என்று தெரிந்தது. பேனலும், அதற்குள் வெயிலை மின்சாரமாக்கும் செல்லும் இரண்டுமே இந்தியாவில் தயாரானதாக இருந்தால்தான் மானியம். இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் உப்புக்காற்றுக்குச் சாதாரண பெயின்ட் அடித்த இரும்பு தாங்காது. நன்றாக கால்வனைஸ் செய்த, அதாவது துருப்பிடிக்காமலிருக்கத் துத்தநாகம் பூசிய, ஸ்டாண்டுதான் வேண்டும். “மாடியை அடைச்சிட்டா வத்தல் எங்கப்பா போட?” என்று அம்மா கேட்டதில் நியாயம் இருந்தது. ஆள் நடமாடும் உயரத்துக்கு ஸ்டாண்டைத் தூக்கினோம். அதற்குக் கூடுதல் செலவுதான், ஆனாலும் வாட்டர் டேங்க் நிழலிலிருந்தும் பேனல்கள் தப்பித்தன. மொத்தம் இரண்டு லட்சத்தை ஒட்டி வந்தது. முழுப் பணத்தையும் முதலில் நாமே கட்ட வேண்டும். லைனுக்கு நாம் அனுப்புவதையும் லைனிலிருந்து எடுப்பதையும் கணக்கு வைக்கும் நெட் மீட்டரைப் பொருத்தி, ஆய்வு முடிந்த பிறகுதான் மானியம் கணக்கில் ஏறும்.

வெயில் நன்றாக இருக்கும் நாளில் 12 யூனிட் வரை கிடைக்கிறது. பகலில் மிஞ்சுவது லைனுக்குப் போகும், ராத்திரி எடுப்பதில் கழித்துக்கொள்வார்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் குறைந்த யூனிட்டுகளுக்கான மலிவுக் கட்டணமும் பறிபோகுமே, அந்தப் பயம் இப்போது இல்லை. இன்னொன்று, கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும். நம் மின்சாரம் லைனுக்குள் போய், கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் உயிருக்கு ஆபத்து வரக்கூடாது என்பதற்காகவே, பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டர் அப்படி அணைகிறது. பவர்கட்டுக்கும் வேண்டுமென்றால் பேட்டரி தனிச் செலவு.

பில் குறைந்ததோடு விட்டுவிடலாகாது என்று நினைக்கிறேன். ராத்திரி நாம் எடுப்பது பெரும்பாலும் நிலக்கரி மின்சாரம்தான். அதனால் மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர் மூன்றையும் பகலுக்கு மாற்றிவிட்டோம். நெட் மீட்டர் கணக்கில் இதனால் ஒரு பைசாவும் மிச்சமில்லை. ஆனால் சாயங்காலம் எல்லா வீடும் ஒரே நேரத்தில் இழுக்கும் சுமையில் எங்கள் பங்கு குறைகிறது. பேனல் செய்யவும் மின்சாரம் செலவாகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். அதையும் சேர்த்து ஆயுள் முழுக்கக் கணக்குப் போட்டாலும் சோலார் யூனிட்டின் கரியமிலம் நிலக்கரி யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு மாடி கையில் இல்லை. அவர்கள் ஃபேனிலிருந்து தொடங்கலாம். 75 வாட் பழைய ஃபேனுக்குப் பதில் 30 வாட் சொச்சம் மட்டும் எடுக்கும் பிஎல்டிசி (BLDC) என்ற வகை மோட்டார் உள்ள ஃபேன் மாட்டுங்கள், வீடு மாறும்போது கழற்றிக்கொண்டும் போகலாம்.