தோடியின் காந்தாரம்

மெட்டு நன்றாக இருந்தால் போதும், பயிற்சி எதற்கு என்பவர்கள் தோடி ராகம் பாடிப் பார்க்கட்டும். ஏழு சுரங்களையும் அசைவில்லாமல் பிடித்தால் இந்துஸ்தானி இசையின் பைரவி ராகச் சாயல்தான் வரும். தோடியின் மூன்றாம் சுரமான காந்தாரம் ('சாதாரண காந்தாரம்' என்பது அதன் வகைப்பெயர்), இரண்டாம் சுரமான ரிஷபத்துக்கும் நான்காம் சுரமான மத்தியமத்துக்கும் நடுவே அசைய வேண்டும். தோடிக்கு அந்த அசைவுதான் மெட்டே.

பழகுவதற்கு: சுருதியோடு அகாரத்தில் ('ஆ' என்று) மத்தியமத்தைப் பிடித்து நிறுத்துங்கள். அங்கிருந்து ரிஷபத்துக்கு வழுக்கி இறங்கி, மறுபடி ஏறுங்கள். முதலில் ஓர் அட்சரத்துக்கு (தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு) ஓர் அசைவு. அது சுத்தமானபிறகு இரண்டு. அவசரப்பட்டால் இரண்டு முனைகளையும் தொடாமல் குரல் வெறுமனே நடுங்கும். நிறையப் பேருக்குக் கெடுவது இங்கேதான்.

முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்கள் வேறு வகை. சங்கராபரண ராகத்தின் சுரங்கள், மேற்கத்திய மெட்டுகள், கமகம் (சுர அசைவு) இல்லாத நேர்ப் பாட்டு. குழந்தைகள் பாடினாலும் என்ன இனிமை! தயவுசெய்து அவற்றில் பிருகா (வேகமான சுர உருட்டல்) சேர்க்காதீர்கள்.