பெயருக்கு முன்னால் நிற்கும் வேஷம்

அண்ணாவின் ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தில் நடித்த வி.சி. கணேசனைப் பெரியார் ‘சிவாஜி’ என்று அழைத்தார். பிறகு கட்டபொம்மன், அப்பர், வ.உ.சி. என்று எத்தனையோ வேடங்கள் கட்டியும் 2001இல் மறையும்வரை அவர் சிவாஜிதான். சுந்தரராஜனுக்கு ‘மேஜர்’, சீனிவாசனுக்குத் ‘தேங்காய்’, ராஜமாணிக்கத்துக்கு ‘நவாப்’. எல்லாம் மேடை தந்தவை. சினிமாவில் பெரும்பாலும் படத்தின் தலைப்பு ஒட்டும்: ‘வெண்ணிற ஆடை’ மூர்த்தி, ‘நிழல்கள்’ ரவி. மேடையில் ஒட்டுவது வேஷம். ரசிகர்களின் அன்பு மட்டும் அதற்குக் காரணமில்லை. தொழிலே அப்படித்தான் நடக்கிறது.

நடிகர்களைத் தனித்தனியே அமர்த்தி நடத்தும் ஸ்பெஷல் நாடகத்தைப் பாருங்கள். ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் (நாயக வேடம்) ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் (பெண் வேடம்) இன்னோர் ஊரிலிருந்தும் வந்து இறங்குவார்கள். அரிதாரம் பூசும்போது நாலு வார்த்தை பேசிக்கொள்வதோடு சரி. விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ நடந்தேறுகிறதென்றால், அவரவர் பார்ட் அவரவருக்கு அத்துப்படி என்பதால்தான். நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்தில் எதிராளி எதைக் கேட்டாலும் பாட்டாகவும் பேச்சாகவும் மடக்க வேண்டும். அந்தச் சரக்கு சேரப் பல வருஷம் பிடிக்கும். அதை விட்டுவிட்டு வேறு பார்ட்டுக்குப் போனால் அடிமட்டத்திலிருந்து தொடங்க வேண்டும், புக்கிங்கும் குறையும். அதனால் நாரதர் நாரதராகவே மூப்படைகிறார்.

குரல்தான் முதலில் காலை வாரும். சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனிக் காலத்தில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் பையனின் ஸ்திரீபார்ட் போய்விடும். அறுபது வயது ராஜபார்ட்டுக்குப் பிரச்சினை வேறு: முப்பதில் பாடிய சுருதியிலேயே பிடிவாதமாக நின்றால் பின்னிரவில் தொண்டை கட்டிவிடும். திரை ஏறுவதற்கு முன்பே ஆர்மோனியக்காரரிடம் சொல்லி அரைக்கட்டை இறக்கிக்கொள்வதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

வசன நாடகத்தில் வேஷம் உடம்பில் தங்கும். ‘மேஜர் சந்திரகாந்த்’ மேடையிலும் 1966இல் வந்த படத்திலும் சுந்தரராஜன் ஏற்றது பார்வையற்றவர் வேடம். இப்படிப்பட்ட வேடத்துக்குச் சில பழக்கங்கள் வேண்டும். எதிரே நிற்பவரின் முகத்துக்குச் சற்று மேலே ஒரு புள்ளியில் விழியை நிறுத்த வேண்டும். குரல் வந்த பக்கம் முதலில் காது திரும்பும், அப்புறம்தான் முகம். நாற்காலியின் முதுகைப் புறங்கையால் தொட்டறிந்த பிறகே உட்கார வேண்டும். மேடைப் பொருள்களின் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறிக்காவிட்டால், நாலு அங்குலம் தள்ளிப்போன நாற்காலி காட்சியையே கெடுத்துவிடும்: கை காற்றில் துழாவும், கண் தன்னையறியாமல் கீழே பார்த்துவிடும். அந்த ஒரு நொடி போதும், சபைக்கு நம்பிக்கை போய்விட.

ஒரே நாடகம் நூறு முறைக்கு மேல் மேடையேறும்போது வேறொரு கோளாறு வரும். கதவு தட்டப்படும் முன்பே காது திரும்பிவிடும். உடம்புக்கு வசனம் மனப்பாடமாகிவிட்டதன் அடையாளம் அது. சக நடிகர் தட்டும் நேரத்தை அவ்வப்போது மாற்றினால் மறுபடி நிஜமாகவே காது கொடுக்கத் தோன்றும்.

அடுத்த நாடகத்தில் பார்வையுள்ள ஒருவராக வரும்போதும் தாடை அதேபோல் தூக்கியே நிற்கும், நடையும் மிதித்துப் பார்த்தே போகும். “தாடையை இறக்குங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தால் சரியாகாது. கையில் ஒரு பேப்பரையோ வெற்றிலைப் பெட்டியையோ கொடுத்தால் கண் தானாகக் கீழே வரும். ஒத்திகையின் முதல் நாளிலிருந்தே புதிய பாத்திரத்தின் செருப்பைப் போட்டுவிட வேண்டும். நடை அதிலிருந்துதான் மாறத் தொடங்கும்.