பதினாறு பைட்டின் அவசரம்

கல்லடி வீட்டில் நான் பொருத்திய வாவி நீர்மட்ட உணரி அனுப்பும் வரிகளில் எழுத்துகள் தொலைந்ததால், லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலில், கம்பிவழி வரும் தரவை வாங்கும் நிரலான சீரியல் டிரைவரை இரண்டு இரவுகள் வாசித்தேன். கம்பியில் வரும் பிட்டுகளைப் பைட்டுகளாக்கும் 16550ஏ சில்லின் உள்வரிசை 16 பைட்டுகளையே கொள்ளும். வினாடிக்கு 115,200 பிட் வேகத்தில், பைட்டுக்குப் 10 பிட் (தரவுக்கு எட்டு, தொடக்கத்தையும் முடிவையும் குறிக்க இரண்டு) என்று கணக்கிட்டால், அது ஏறத்தாழ 1.4 மில்லிவினாடியில் நிரம்பிவிடும். ஆகவே சில்லு செயலியை அழைக்கும் சைகையான இன்டரப்ட் வந்ததும் டிரைவர் பைட்டுகளை அள்ளி முனைய இடையகம் என்னும் தற்காலிக நினைவிடத்தில் போட்டுவிட்டு உடனே திரும்பிவிட, பிழையாகத் தட்டிய எழுத்தை அழிப்பது, வரி முடிந்ததா எனப் பார்ப்பது போன்ற ஆறுதலான வேலைகளை, கெர்னலில் டிரைவருக்கு மேலுள்ள அடுக்கு தன் 4096 பைட் இடையகத்தில் பின்னர் பார்த்துக்கொள்ளும். (இந்தப் பங்கீடு எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.) என் எழுத்துகளோ இடையகத்துக்கு வந்துசேரவேயில்லை, கெர்னலின் கணக்கில் சில்லின் வரிசை நிரம்பி வழிந்த எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. வேகத்தை 9600 ஆகக் குறைத்ததும் அது நின்றுவிட்டது.