எட்டாம் கிரேடு பியானோ: 119, அப்புறம் 132

நேற்று ஏபிஆர்எஸ்எம் (லண்டன் இசைத் தேர்வு வாரியம்) ரிசல்ட் வந்தது. 150-க்கு 132, டிஸ்டிங்ஷன். போன முறை 119, மெரிட்டுக்கு ஒரே ஒரு மார்க் குறைவு. அந்த ஒரு மார்க் ஒரு வருடமாக மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது, அதனால்தான் சூட்டோடு சூடாக எழுதுகிறேன்.

ஸ்கேல் (ஸ்வர வரிசைகள்), சைட் ரீடிங் (முன்பின் பார்க்காத இசையைப் பார்த்ததும் வாசிப்பது), ஆரல் (காதால் கேட்டுப் பதில் சொல்வது) மூன்றும் சேர்த்துப் போன முறை 53, இந்த முறை 51. குறைந்துதான் இருக்கிறது. தயார் செய்துகொண்டு போய் வாசிக்கும் மூன்று பீஸ்களில் மட்டும் 66 என்பது 81 ஆகியிருக்கிறது. மிஸ் அதே மிஸ்தான், பயிற்சி நேரமும் அதேதான். பயிற்சிக்கு நான் உட்கார்ந்து வாசித்த பியானோதான் மாறியது.

எங்கள் வீடு மும்பை மாட்டுங்காவில் மூன்றாவது மாடி. அங்கே டிஜிட்டல் பியானோதான் வைக்க முடியும், அதையும் எல்லோரும் படுத்த பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் வாசிப்பேன். ஹெட்போனில் எல்லாமே அழகாகக் கேட்கும். போன முறை தேர்வு அறையில் இருந்தது கிராண்ட், கம்பியும் சுத்தியலும் உள்ள பெரிய பியானோ. டெபுஸியின் பீஸில் மெல்லத் தொட்ட இடங்களில் சுத்தியல் கம்பியை எட்டவே இல்லை, சத்தமே வரவில்லை. பயந்துபோய், ஒலியை நீட்டிக்கும் பெடலை முழுசாக மிதித்தேன், அடுத்த இரண்டு வரியும் ஒரே கலங்கலாகிவிட்டது. பேத்தோவன் பீஸில் இடது கை கனத்துப்போய் மேலே இருந்த ராகம் அமுங்கியது.

வயலின்காரர் தன் வயலினைத் தோளில் போட்டுக்கொண்டு போகலாம். பியானோ வாசிப்பவருக்கு ஊருக்கு ஊர் வேறு பியானோ, கச்சேரி செய்கிறவர்களுக்கும் இதே கதைதான். பியானோ மேதை ஹோரோவிட்ஸ் 1986-ல் மாஸ்கோவுக்குத் தன் சொந்த ஸ்டெயின்வே பியானோவையே எடுத்துப்போனார். இன்னொரு பியானோ மேதை க்ளென் கூல்ட், நாற்காலியின் கால்களை அப்பா அறுத்துக் குட்டையாக்கிக் கொடுக்க, அதைப் போகிற இடமெல்லாம் கொண்டுபோனார். நமக்கு அந்த வசதி கிடையாது, பழகித்தான் ஆக வேண்டும்.

கடைசி நான்கு மாதம் நான் செய்தது:

- வாரம் இரண்டு நாள் வேறு வேறு பியானோ. பாந்த்ராவில் மிஸ் வீட்டு அப்ரைட் (நின்ற வாக்கில் இருக்கும் பியானோ), மாஹிமில் ஒரு சர்ச் ஹால். மழைக்காலத்தில் அங்கே மரம் ஊறி இரண்டு கட்டை ஒட்டிக்கொள்ளும், சுருதியும் விலகியிருக்கும். வாசித்தேன். அதுதான் எனக்குக் கிடைத்த நல்ல பயிற்சி.
- வீட்டில் பகலில் ஹெட்போன் இல்லாமல். கீழ்வீட்டு மாமியிடம் முன்கூட்டியே கேட்டு, நாலிலிருந்து ஐந்து வரை.
- அரைப் பெடலை (ஒலி கலங்காமல் இருக்கப் பெடலைப் பாதி மட்டும் மிதிப்பது) ஒவ்வொரு பியானோவிலும் புதிதாகத் தேடிக் கண்டுபிடிப்பது. எந்த இரண்டு பியானோவிலும் அது ஒரே ஆழத்தில் இல்லை.

ஸ்கேல் பற்றி எல்லோரும் நிறையச் சொல்வார்கள், தினமும் இருபது நிமிடம் போதும்.

தேர்வு அன்று உள்ளே போனதும் ஸ்டூல் உயரத்தைச் சரி செய்யுங்கள், கூச்சப்படாதீர்கள். எதில் தொடங்குவது என்பது நம் விருப்பம்தான், நான் ஸ்கேலில் தொடங்கினேன். ஸ்கேல் வாசிக்கும்போதே கட்டையின் கனம் கைக்குப் பிடிபட்டுவிடும். பீஸ் வரும்போது அது அந்நியப் பியானோவாக இருக்காது.