விட்ஜெட்டைத் திரையின் அடிக்கு இறக்கியாச்சு

ஆண்ட்ராய்டு போனுக்காக நான் எழுதும் வேலைப்பட்டியல் விட்ஜெட் (முகப்புத் திரையிலேயே இயங்கும் சின்னப் பெட்டி) ஒருவழியாக டாக்குக்கு, அதாவது திரையின் அடியில் இருக்கும் ஐகான் வரிசைக்கு, நேர் மேலே உட்கார்ந்துவிட்டது. போனை ஒரு கையில் பிடித்தால் கட்டைவிரல் தானாகப் போய் நிற்கும் இடம் அது. அந்த விட்ஜெட்டின் மேலேயே விரலை வைத்து மேல்நோக்கித் தள்ளினால், எல்லா ஆப்களும் இருக்கும் ஆப் டிராயரும் திறக்கிறது. இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வேலை இவ்வளவு இழுத்தது. இப்போது பெருமையாகவே சொல்கிறேன், அருமையாக வந்திருக்கிறது.

விட்ஜெட் என்றாலே திரையின் மேல்பாதி என்று ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. மேலே கடிகாரம், வானிலை, கீழே ஐகான்கள். வெறுமனே பார்ப்பதற்கு மட்டும் இருந்த காலத்தில் அது சரி. 2009-ல் ஆண்ட்ராய்டு 1.5 வந்து வெளி டெவலப்பர்களும் விட்ஜெட் எழுதலாம் என்றானபோது போன்கள் உள்ளங்கைக்குள் அடங்கின. எங்கே வைத்தாலும் விரல் எட்டியது. ஸ்டீவன் ஹூபர் 2013-ல் பொது இடங்களில் 1,333 பேர் போனைப் பிடிக்கும் விதத்தைக் கவனித்து எழுதினார். திரையைத் தொட்டுக்கொண்டிருந்தவர்களில் 49 சதவீதம் பேர் ஒரே கையில் பிடித்திருந்தார்கள். அன்றைய போன்களை விட இன்றைய போன்கள் எவ்வளவு நீளம் என்று பாருங்கள். அதே ஒற்றைக் கையில் பேருந்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேல் மூலையில் இருக்கும் டிக் பெட்டியைத் தொட முடியாது.

அதனால் நான் வைத்திருக்கும் விதி இது: பார்க்க மட்டும் உள்ளவை மேலே, தொட வேண்டியவை கீழே. உருட்டிப் படிக்க வேண்டியவற்றுக்கு முகப்புத் திரையில் இடமே கிடையாது, அவற்றுக்குத்தான் ஆப் இருக்கிறதே. இந்தக் கடைசிப் பகுதியை நண்பர்கள் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. மின்னஞ்சல் பட்டியலை முகப்பில் உருட்டிப் பார்ப்பதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம். எனக்கு அது முகப்புத் திரையின் சைகைகளையே கெடுக்கும் விஷயமாகத்தான் தெரிகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

விட்ஜெட்டுக்குள் இரண்டே சைகைகள்தான் அனுமதி: தொடுதல், மேலும் கீழும் உருட்டுதல். பக்கவாட்டு ஸ்வைப்பை லாஞ்சர் (முகப்புத் திரையை நடத்தும் ஆப்) தன் பக்கங்களுக்காக எடுத்துக்கொள்கிறது. விட்ஜெட் திரையின் மேற்பகுதியில் இருக்கும்வரை இதில் பிரச்சினை தெரியாது. கீழே இறக்கியதும் தெரிகிறது, ஏனென்றால் ஆப் டிராயரைத் திறக்க எல்லோரும் ஸ்வைப் செய்வது அங்கேதான். விரலை மேலே தள்ளினால் டிராயர் வராமல் பட்டியல் உருள்கிறது. சரி, பட்டியலில் இரண்டே வரி இருந்தால் உருள ஒன்றுமில்லையே, அப்போதாவது டிராயர் வருமா என்றால், அப்போதும் வராது.

இதற்குக் காரணம் ஆண்ட்ராய்டின் திறந்த மூல லாஞ்சரான லாஞ்சர்3-ன் மூலநிரலில் இருக்கிறது. பிக்சல் லாஞ்சரும் லான்சேரும் அதன் மேல் கட்டியவைதான். ஒரு விட்ஜெட்டுக்குள் பட்டியல் வகை வியூ (திரையில் தெரியும் உறுப்பு) ஏதாவது இருக்கிறதா என்று லாஞ்சர் தேடிப் பார்க்கிறது. இருந்தால், விரல் பட்ட கணமே தன் பிடியை விட்டுவிட்டு முழு ஸ்வைப்பையும் விட்ஜெட்டிடம் ஒப்படைத்துவிடுகிறது. உள்ளே எத்தனை வரி, உருள இடம் உண்டா என்றெல்லாம் அது கேட்பதில்லை. பட்டியல் என்ற வகை இருந்தாலே போதும்.

ஆக, பட்டியலையே தூக்கிவிட வேண்டும். விட்ஜெட் எழுத கூகுள் தரும் ஜெட்பேக் கிளான்ஸ் நூலகத்தைப் பயன்படுத்துபவர்களுக்குத் தெரியும், அதில் உருளும் பட்டியலான லேஸிகாலம் போட்டால் அது உள்ளுக்குள் பழைய லிஸ்ட்வியூவாகத்தான் மாறுகிறது. அதை நீக்கிவிட்டு, நிலையான வரிசைகளைச் சாதாரண நெடுவரிசையில் அடுக்கினேன். உடனே ஸ்வைப் லாஞ்சரிடம் திரும்பிவிட்டது. டிக் பெட்டியின் மேல் விரலை வைத்துத் தள்ளினாலும் டிராயர் வருகிறது, லேசாகத் தட்டினால் டிக் விழுகிறது. கிளான்ஸின் நெடுவரிசை தனக்குள் 10 உறுப்புகளுக்கு மேல் ஏற்காது என்ற கட்டுப்பாடு இங்கே உறுத்தவே இல்லை.

இனி எத்தனை வரிசை என்ற கேள்வி. என் மாலைகளில் பாதியைத் தின்றது இதுதான். பழைய ஆட்களுக்கு 40, 110, 180, 250 டிபி (ஆண்ட்ராய்டில் திரை அளவுகளுக்கான அலகு) என்ற எண்கள் மனப்பாடம்: விட்ஜெட் பிடிக்கும் முகப்புத் திரைக் கட்டங்களின் எண்ணிக்கையை 70-ஆல் பெருக்கி 30 கழி. ஆண்ட்ராய்டு 12-க்கு அப்புறம் கூகுள் ஆவணத்தில் உள்ள கணக்கு வேறு. நிமிர்த்திப் பிடித்த போனில் அகலம், கட்டத்தை 73-ஆல் பெருக்கி 16 கழித்தால் வருவது. உயரம், 118-ஆல் பெருக்கி 16 கழித்தால் வருவது. இரண்டு கட்ட உயரம் என்றால் 220 டிபி. தொடும் இடம் 48 டிபிக்குக் குறையக் கூடாது. சுற்றி வழக்கமான 16 டிபி இடைவெளி விட்டால் மிஞ்சுவது 188. நான்கு வரிசைக்கு வேண்டியது 192. வெறும் 4 டிபி இடிக்கிறது!

வரிசையை 47 ஆக்கலாம், யாருக்கும் தெரியாது என்று ஒரு நண்பர் சொன்னார். மனசு கேட்கவில்லை. தொடும் இடத்தில் கைவைக்க ஆரம்பித்தால், கீழே இறக்கியதன் நோக்கமே போச்சு. அதற்குப் பதில் ஓர இடைவெளியை 12 ஆக்கினேன். 196 கிடைத்தது, நான்கு வரிசை போக 4 டிபி மீதி. மூலை வளைவு அதிகபட்சம் 28 டிபிதான், டிக் பெட்டிகள் தத்தம் 48-க்குள் நடுவில் இருப்பதால் மூலையில் எதுவும் வெட்டுப்படவில்லை. தலைப்புக்கு இடமில்லை. தேவையும் இல்லை. நான் வைத்த விட்ஜெட் என்னவென்று எனக்குத் தெரியாதா?

இந்தக் கணக்கு எல்லா லாஞ்சருக்கும் பொருந்தாது, கட்ட எண்ணிக்கையை மாற்றினால் உயரமும் மாறும். அதனால் ரெஸ்பான்சிவ் முறையில் இரண்டு அளவு கொடுத்திருக்கிறேன்: உயரம் போதவில்லை என்றால் மூன்று வரிசைக்கு இறங்கிவிடும். இறங்கலாம், ஆனால் உருளக் கூடாது.

டிக் போடும்போது வரும் தாமதம் இன்னொரு தலைவலி. கிளான்ஸ் தன் புதுப்பிப்பை வொர்க்மேனேஜர் (ஆண்ட்ராய்டில் பின்னணி வேலைகளை நடத்தும் கருவி) வழியாக அனுப்புவதால், தட்டிய விரலை எடுத்து ஒரு கணம் கழித்துத்தான் மாற்றம் தெரியும். ஆண்ட்ராய்டு 12-ல் வந்த செக்பாக்ஸ் இதற்கு மருந்து. லாஞ்சரே டிக்கை உடனே காட்டிவிடுகிறது, நம் ஆப் பின்னால் எழுந்து நிலையைச் சேமித்துக்கொள்ளலாம். பழைய போன்களில் படத்தை மாற்றிச் சமாளிக்கிறேன், அது கொஞ்சம் மந்தம்தான். என் இரண்டாவது போன் பேட்டரி சேமிப்பு என்ற பெயரில் பின்னணி வேலைகளை வெட்டித் தள்ளுகிறது. அமைப்புகளுக்குள் போய் விலக்குக் கொடுத்த பிறகே ஒழுங்காக ஓடுகிறது.

எழுத்துரு பற்றி ஒரு வார்த்தை. ஹிந்த் மதுரை அல்லது முக்த மலர் போட ஆசை, இரண்டும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். கிளான்ஸ் நாம் கொண்டுவரும் எழுத்துருவை ஏற்பதில்லை. வரிகளைப் படமாக வரைந்து ஒட்டலாம். ஆனால் அப்புறம் ஸ்க்ரீன் ரீடருக்குத் தனியாக விளக்கம் எழுத வேண்டும், பயனர் எழுத்தளவை மாற்றினால் அதையும் நாமே கவனிக்க வேண்டும். போனிலேயே இருக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் போதும் என்று விட்டுவிட்டேன். சின்ன அளவில் நன்றாகவே தெரிகிறது. நாமே விட்ஜெட் வடிவமைக்க உதவும் கஸ்டம் விட்ஜெட் மேக்கர் ஆப்பில் எழுத்துரு மாற்றுவது சுலபம். கடிகாரம் மாதிரி பார்க்க மட்டும் உள்ளவற்றுக்கு இன்னும் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

ஐபோன்காரர்களுக்கும் இப்போது கதவு திறந்திருக்கிறது. 2020-ல் ஐஓஎஸ் 14 விட்ஜெட்டை முகப்புக்குக் கொண்டுவந்தது, ஆனால் எல்லாம் மேலிருந்தே நிரம்பும். கீழே இறக்க வேண்டுமானால் மேலே ஐகான்களை அடுக்க வேண்டும், இல்லையென்றால் காலி ஐகான் செய்து ஏமாற்ற வேண்டும். ஐஓஎஸ் 17-ல் பொத்தான்கள் வந்தன, 2024-ல் ஐஓஎஸ் 18 வந்த பிறகு காலி இடம் விட்டு டாக்குக்கு மேலேயே வைக்கலாம். உள்ளே உருட்டுதல் அங்கே ஆரம்பத்திலிருந்தே கிடையாது. அந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அடுத்து பூட்டுத் திரை. ஆண்ட்ராய்டு 4.2, 2012-லேயே அங்கே விட்ஜெட் கொடுத்தது, 2014-ல் 5.0 வந்தபோது எடுத்துவிட்டார்கள். 2022-ல் ஐஓஎஸ் 16 கடிகாரத்துக்குக் கீழே சின்னதாக ஒரு வரிசை வைத்தது. வானிலை, பேட்டரி, அடுத்த சந்திப்பு எல்லாம் அங்கேதான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அவை அங்கே போய்விட்டால் முகப்பின் மேல்பாதியைக் காலியாகவே விடலாம். அதைத் தொடங்கும் முன் இந்த விட்ஜெட்டுக்கு முன்னோட்டப் படமும் இருள் நிறங்களும் முடிக்க வேண்டும். டிக் போட்ட வரி இருளில் இன்னும் சரியாகத் தெரியவில்லை, கோடிட்ட எழுத்து பின்னணியில் கரைந்துவிடுகிறது. இந்த வாரம் அதைத்தான் பிடித்திருக்கிறேன்.