டெஸ்ட் பெட்டுக்கு சென்சார் கொடுக்கப் போகிறீர்களா, முதலில் டேட்டாவைப் பேசுங்கள்

ராமநாதபுரத்தில் சின்னப் பட்டறை வைத்து கே டைப் தெர்மோகப்பிள், அதாவது அதிகச் சூட்டை அளக்கும் சென்சார், செய்கிறோம். வழுதூர் மின்நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் கேஸ் டர்பைன் என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் புதிதில்லை. ஆனால் இன்ஜினைச் சோதிக்கும் டெஸ்ட் பெட்டில் நம் சென்சாரை மாட்டிப் பார்ப்பது வேறு கதை. சென்னைப் பக்கம் ஒரு நிறுவனத்தோடு கூட்டு முயற்சி என்று முடிவானது. ரகசியத்தைக் காக்கும் ஒப்பந்தம், முத்திரைத்தாள் எல்லாம் சுலபமாக முடிந்தது.

முதல் இடி அந்த நிறுவனத்தின் வாசல் கேட்டில். சேது எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கப் பெட்டியைக் காபந்து பண்ணிக்கொண்டு போய் இறங்கினால், ஸ்டோர்ஸ்காரர் சலானைப் பார்த்துவிட்டு "ரிட்டர்னபிள்னு போடலையே சார், உள்ளே போனா வெளியே வராது" என்கிறார். உங்கள் பர்ச்சேஸ் பிரிவு அனுப்பிய படிவத்தில் அந்தக் கட்டமே இல்லையே என்று காட்டினேன். "அது பர்ச்சேஸ், நான் ஸ்டோர்ஸ்." அவ்வளவுதான், அன்று சாயங்காலமே திரும்பி ரயில் ஏறினேன். படிவம் யார் கொடுத்தாலும் ஸ்டோர்ஸுக்கு ஒரு போன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். சென்சாரின் சான்றிதழில் உள்ள எண்ணும் புரோப் (சென்சார் குச்சி) கழுத்தில் உள்ள எண்ணும் ஓர் எழுத்து மாறினாலும் இதே கதிதான்.

கடலோரத்துக்காரர்களுக்கு இன்னொன்று. புரோப் செய்யும் எம்.ஐ. கேபிளுக்குள் (உலோகக் குழாய்க்குள் கம்பியும் பொடியும் அடைத்த கேபிள்) இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்க் காற்றில் கேபிளை வெட்டி முனையைத் திறந்தபடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், மின்காப்பை அளக்கும் மெகரில் ரீடிங் இறங்கிவிடும். சூடாக்கி ஈரத்தை விரட்டி உடனே எபாக்ஸி வைத்து அடைத்துவிட்டு, அனுப்பும் முன் அந்த மின்காப்பை (இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ்) அளந்து எழுதி வையுங்கள். டெஸ்ட் பெட் ஆட்கள் "உங்க புரோப்லதான் கரன்ட் லீக்" என்று ஆரம்பித்தபோது அந்தத் தாள்தான் காப்பாற்றியது. கழற்றி மறுபடி அளந்தோம், புரோப்பில் அதே ரீடிங். ஈரம் அவர்கள் கனெக்டரில் இருந்தது. அந்த நிமிஷம் அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

இன்ஜினை ஓட்டிச் சோதித்து முடிந்ததும் வந்த மெயிலில் ஒரே வரி: சென்சார் திருப்திகரம். எத்தனை டிகிரி, பக்கத்தில் இருந்த அவர்களுடைய தெர்மோகப்பிளுக்கும் எங்களுடையதற்கும் எவ்வளவு வித்தியாசம், ஒன்றும் கிடையாது. கேட்டால் இன்ஜின் டேட்டா வெளியே வராதாம். எக்ஸாஸ்ட் வெப்பநிலையை வைத்தே இன்ஜினைப் பற்றி நிறையச் சொல்லிவிடலாம் என்பதால் அவர்கள் பயம் நியாயம்தான். ஆனால் கே டைப் 1000 டிகிரி செல்சியஸை ஒட்டி நெடுநேரம் இருந்தால் ரீடிங் மெல்ல விலகும், அதைப் பார்க்கத்தானே இவ்வளவு பாடு? கடைசியில் நாங்களே ஒரு வழி சொன்னோம்: வேகம் வேண்டாம், எரிபொருள் கணக்கு வேண்டாம், உண்மையான வெப்பநிலையும் வேண்டாம், இரண்டு சென்சாருக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் ஓடிய நேரத்தோடு கொடுங்கள். முனகிக்கொண்டே சம்மதித்தார்கள். நீங்கள் இதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள், பொருள் உள்ளே போன பிறகு பேச்சுக்கு மதிப்பில்லை.

ஃபைல் போன வாரம் வந்தது. ஒரு புரோப் மட்டும் போகப் போகக் குறைத்துக் காட்டுகிறது, அதை அறுத்துப் பார்க்க வேண்டும்.