ஜுராசிக் கோஸ்ட் பயணத் திட்டம்

ஜூனில் குடும்பத்தோடு இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் ஜுராசிக் கோஸ்ட் போவதென்று முடிவாகிவிட்டது. டெவனில் எக்ஸ்மவுத் பக்கம் தொடங்கி டார்செட்டின் ஓல்டு ஹாரி பாறைகள் வரை சுமார் 150 கிலோமீட்டர் நீளும் இந்தக் கரையை 2001-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது, 18.5 கோடி ஆண்டு வரலாறு பாறைகளில் அடுக்கடுக்காகத் தெரிகிற இடம், அதனால் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஓடி ஓடிப் பார்க்க ஆசைப்படாதீர்கள்.

நாங்கள் தங்கப்போவது லைம் ரீஜிஸில். புதைபடிவங்களைத் தோண்டியெடுத்துப் புகழ்பெற்ற மேரி ஆனிங் பிறந்த ஊர், அவர் வீடு இருந்த இடத்தில்தான் இப்போது அருங்காட்சியகம் நிற்கிறது. பக்கத்துச் சார்மவுத் கடற்கரையில் குழந்தைகளும் புதைபடிவம் தேடலாம். ஆனால் அலை நேரப் பட்டியலைப் பார்த்துவிட்டு, கடல் வடியும்போது மட்டும் போங்கள்; ஏற்றம் வந்தால் செங்குத்துப் பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள், மண்சரிவும் அங்கே சகஜம். சுத்தியலோடு பாறைச் சுவரை நெருங்கவே வேண்டாம், கரையில் கிடப்பதைப் பொறுக்கினாலே போதும்.

அப்புறம் டர்டில் டோர். கடலுக்குள் நிற்கும் அந்தச் சுண்ணாம்புப் பாறை வளைவைப் பார்க்கக் காலையிலேயே போய்விடுங்கள், கோடையில் கூட்டம் அள்ளும்.

கார் இல்லையா? லண்டன் வாட்டர்லூவில் எக்ஸிடர் ரயில் ஏறி ஆக்ஸ்மின்ஸ்டரில் இறங்கினால் லைம் ரீஜிஸுக்குப் பஸ் இருக்கிறது.